ஹவாய் லூவாவில் காட்டுவது உண்மையான பொலினேசியப் பண்பாடுதானா?

குடும்பத்தோடு ஹவாய் போவதாகவும், ஆட்டம்பாட்டத்தோடு நடக்கும் லூவாவ் விருந்துக்கும் லாயியே ஊரிலுள்ள பொலினேசியப் பண்பாட்டு மையத்துக்கும் டிக்கெட் போட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே பார்ப்பதை நம்பலாமா என்பது கேள்வி.

தனித்தனியாக எடுத்தால் பெரும்பாலும் நம்பலாம். கோளாறு, ஹவாய், சமோவா, தாஹித்தி என்று பொலினேசியா எனப்படும் பசிபிக் பகுதியின் நாலைந்து தீவுக்கூட்டங்களின் ஆட்டங்களை ஒரே மாலையில் கோர்த்து 'பழைய ஹவாய்' என்று காட்டுவதில்தான்.

கடைசியில் வரும் நெருப்புக் கத்தி ஆட்டம் ஹவாயுடையதே அல்ல. கத்தி சமோவாவின் போர்க்கத்தி. அதில் தீ வைத்தவர் ஃப்ரெடி லெதுலி என்ற சமோவாக்காரர். 1946இல், சான் ஃபிரான்சிஸ்கோவில். இடுப்பு படபடவென்று அதிரும் ஆட்டம் தாஹித்தியின் ஓத்தேஆ. அதையும் ஹவாயின் சொந்த ஆட்டமான ஹூலாவையும் பிரித்தறிவது எளிது. காதில் விழுவது குடைந்த மரக்கட்டையின் டகடக ஒலி, தோள் அசையாமல் இடுப்பு மட்டும் வேகமாகச் சுழல்கிறது என்றால் அது தாஹித்தி. ஹூலாவில் உயிர் பாட்டின் சொல்லில் இருக்கிறது. கை அந்தச் சொல்லைக் காட்டும், இடுப்பு கால் வைப்பைத் தொடர்ந்து போகும். தாளம் இரட்டைச் சுரைக்குடுக்கையிலோ சுறாத்தோல் போர்த்திய முரசிலோ விழும்.

'புல் பாவாடை'யும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பசிபிக்கின் கில்பர்ட் தீவுகளிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களோடு வந்தது அது. பழைய ஹூலா உடை மரப்பட்டையைத் தட்டிச் செய்த கபா துணி.

இதைச் சொன்னால் "எல்லாக் கலையும் கலந்ததுதானே" என்று சிலர் வருவார்கள். கலப்பதைக் குறை சொல்லவில்லை. யூகுலேலேகூட 1879இல் போர்ச்சுகலின் மதேய்ரா தீவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சிறு கித்தாரிலிருந்து பிறந்ததுதான். இன்று அது ஹவாயின் சொந்தக் கருவி. எங்கிருந்து, எப்போது வந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

சாப்பாட்டுக்கு வருவோம். இமு என்பது குழி அடுப்பு. துளையுள்ள எரிமலைக் கல்லை இரண்டு மூன்று மணி நேரம் விறகில் காய்ச்சி, நசுக்கிய வாழைத்தண்டும் 'டீ' (ti) என்ற செடியின் இலையும் பரப்பி, பன்றியை வைத்து, ஈரச் சாக்கால் மூடி மண் போடுவார்கள். ஈரம் ஏறிய ஆற்றுக்கல்லைப் போட்டால் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். முழுப் பன்றி வேக ஆறு முதல் எட்டு மணி நேரம். இப்போது கணக்குப் போடுங்கள்: 70 கிலோ பன்றியில் வெந்த கறி 30 கிலோ தேறினால் அதிகம். 500 பேருக்கு ஆளுக்கு 150 கிராம் என்றாலே 75 கிலோ வேண்டும். குழியிலிருந்து எடுத்துக் காட்டுவது ஒன்று, தட்டில் விழுவதில் பெரும்பகுதி சமையலறை அடுப்பில் வெந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணும் 'ஆதிகால விருந்து' என்பதும் சரியில்லை. 1819 வரை சேர்ந்து உண்பதற்கே தடை. பெண்களுக்குப் பன்றியும் தேங்காயும் கூடாது.

பண்பாட்டு மையம் 1963இல் மார்மன் திருச்சபை தொடங்கியது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் வேலை செய்து படிக்கிறார்கள்; அவர்களில் பலர் அந்தந்தத் தீவுக்காரர்கள், கைவேலை அசல். ஆனால் பொலினேசியாவில் அல்லாமல், மெலனீசியா என்ற வேறொரு பசிபிக் பகுதியில் சேர்க்கப்படும் ஃபிஜியும் அங்கே ஒரு கிராமமாக நிற்கிறது. 1830இல் மிஷனரிகளின் பக்கம் நின்று காஅஹுமானு அரசி ஹூலாவைப் பொதுவில் தடுத்ததைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். பதில் எவ்வளவு நீளம் என்பதிலேயே சாய்வு தெரியும்.

   

டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம். போவதற்கு முன் ஒருநாள் ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் கபாவைப் பார்த்துவிடுங்கள். ஈஸ்டரையொட்டிய வாரம் என்றால் ஹீலோவில் மெர்ரி மோனார்க் ஹூலாப் போட்டி நடக்கும். லூவாவில் ஆடியவர்களிடம் "உங்கள் குமு ஹூலா, அதாவது ஹூலா குரு, யார்?" என்று கேளுங்கள். முறையாகக் கற்றவர் குருவின் பெயரை உடனே சொல்வார்.