ஹோம்ஸ் எங்க போனார்?

கேள்வி: அக்கா, 34 வயசுல இப்பதான் முதல்முறையா ஒரு துப்பறியும் நாவல் படிக்கறேன். ஆர்தர் கானன் டாயிலோட 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'. முதல் அஞ்சு அத்தியாயம் பறந்துடுச்சு, அப்புறம் பாத்தா துப்பறியற ஹோம்ஸையே காணோம், அவரோட நண்பர் வாட்சன் மட்டும் லெட்டர் மேல லெட்டரா எழுதிட்டிருக்கார். கடைசி அத்தியாயத்த படிச்சிட்டு வந்துடவான்னு கை பரபரங்குது. படிக்கலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஐயோ, தயவுசெஞ்சு வேணாம்மா! 15-வது அத்தியாயத்துல ஹோம்ஸ் உக்காந்து ஆதியோடந்தமா எல்லாத்தையும் சொல்லிடுவார், அத இப்பவே படிச்சிட்டா முதல்தடவை படிக்கற சுகம் போச்சு, அது திரும்ப கிடைக்கவே கிடைக்காது.

நீங்க போரடிக்குதுன்னு சொல்ற இடம்தான் எனக்கு இந்த புக்குலயே ரொம்ப பிடிச்ச இடம். ஹோம்ஸ் பக்கத்துல இருந்தா நாம யோசிக்கறதுக்குள்ள அவர் கண்டுபிடிச்சிடுவார், முதல் அத்தியாயத்துல அந்த கைத்தடிய வச்சு வாட்சன் சொன்னத எப்படி தப்புன்னு காட்டினார், பாத்தீங்கல்ல? இப்ப அவர் இல்ல. இங்கிலாந்துல இருக்கற டார்ட்மூர் பொட்டல்ல நாமளும் வாட்சனும் மட்டும்தான், ராத்திரி ஒரு பொம்பள அழுற சத்தம், ஜன்னல்கிட்ட மெழுகுவர்த்தியோட நிக்கற வேலைக்காரர், குதிரையவே முழுங்கற சேறு, ஜெயில்லேர்ந்து தப்பிச்ச கைதி... வாட்சன் பாத்தத ஒளிக்காம எழுதற மனுஷன், அதுல எது முக்கியம்னு பிரிக்கற வேலை உங்களோடது.

இன்னொண்ணு, இது தொடர்கதையா வந்தது. 1893 டிசம்பர்ல ஹோம்ஸ் செத்துட்டதா கதை எழுதி முடிச்சிட்டார் டாயில், ஏழு வருஷத்துக்கு மேல ஏங்கிக் கெடந்த வாசகர்களுக்கு 1901 ஆகஸ்ட்ல ஸ்ட்ராண்ட் பத்திரிகையில இந்தக் கதை ஆரம்பிச்சுது, அதுவும் ஹோம்ஸ் சாகறதுக்கு முந்தி நடந்ததா. 'அது ஒரு ராட்சச வேட்டை நாயோட கால்தடம்'னு ஹோம்ஸ்கிட்ட கேஸ கொண்டு வர்ற டாக்டர் மார்ட்டிமர் சொல்றாரே, முதல் மாசம் அங்கதான் தொடரும் போட்டாங்க. 1902 ஏப்ரல் வரைக்கும் மாசாமாசம் காத்திருந்து படிச்சாங்க, நீங்களும் ராத்திரிக்கு ஒரு அத்தியாயம்னு வச்சு படிச்சு பாருங்க, அந்த லெட்டரெல்லாம் உங்களுக்கே வந்த மாதிரி இருக்கும்.

மேல போறதுக்கு முன்னாடி ஹோட்டல்ல சர் ஹென்றி பாஸ்கர்வில்லோட பூட்ஸ் காணாம போற விஷயத்த மட்டும் திரும்ப ஒருதடவ படிங்க. முதல்ல புது பூட்ஸ் ஒண்ணு காணாம போகுது, அப்புறம் பழசுல ஒண்ணு காணாம போகுது, அதுக்கப்புறம் அந்த புதுசு மட்டும் திரும்பி கிடைச்சிடுது. புதுச வேணாம்னு விட்டுட்டு பழச ஏன் எடுக்கணும்? அத யோசிச்சுக்கிட்டே ஆறாவது அத்தியாயத்துக்கு போங்க. யார் மேல எப்ப சந்தேகம் வந்துதுன்னு முடிச்சதும் எனக்கு எழுதுங்க.