பயாலஜி படித்த பிள்ளை உளவியலுக்குப் போகலாமா?

அண்ணாச்சி, வணக்கம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீட்டில் இடம் கிடைக்கவில்லை, மகள் பி.எஸ்சி. உளவியல் கேட்கிறாள், இரண்டு வருடம் படித்த பயாலஜி வீணாகிவிடுமே என்பது உங்கள் கவலை. வீணாகாது. உளவியலில் உயிரியல் உளவியல் என்று ஒரு பகுதி உண்டு. அதற்கு அடித்தளமே அவள் படித்த பயாலஜிதான்.

பயம், பசி, தூக்கம், நினைவு எல்லாம் உடம்புக்குள் எப்படி நடக்கின்றன என்பதுதான் அங்கே பாடம். மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள். ஒன்றில் எழும் மின் அலை அதன் நுனிவரை ஓடி, அங்கே ஒரு வேதிப்பொருளை வெளிவிடும். சினாப்ஸ் என்ற சின்ன இடைவெளியைத் தாண்டி அது அடுத்த நியூரானை எட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவும் வேலை செய்வது இந்த இடைவெளியில்தான்.

ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பக்கமும், புது நினைவுகளைப் பதிக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பாலானதை எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாகப் பார்த்த ஆளை அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தெரியும் நட்சத்திரப் படத்தைப் பார்த்து அதன் மேல் கோடு போடச் சொன்னார். நாளுக்கு நாள் மொலைசனின் கை தேறியது. முந்தின நாள் போட்டது மட்டும் நினைவில்லை! கைப்பழக்கம் மூளையில் வேறு வழியில் பதிகிறது என்பது அப்படித்தான் தெளிவானது. இதை மகளிடம் சொல்லிப் பாருங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள். பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் நரம்பு மண்டலப் பாடத்தையும் மறுபடி புரட்டட்டும். அது கசந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வேலை விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடப் பட்டம் மட்டும் போதாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதித்தரும் மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்தவர், அது வேறு பாதை. மருத்துவ உளவியலாளர் ஆக, மேற்படிப்போடு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும். அத்தனை வருடச் செலவையும் இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள்.

பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி இருக்கிறது. அனுமதி வாங்கி ஒரு நாள் கூட்டிப் போங்கள். சைகை மொழியில் பேசும்போதும் பெரும்பாலோருக்கு இடப்பக்க மூளையின் மொழிப் பகுதிகளே வேலை செய்கின்றன. அந்தப் பள்ளியை நேரில் பார்க்கிற பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி என்று வேறு துறைகளும் கண்ணில் படும்.

கல்லூரியில் பணம் கட்டுமுன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். உயிரியல் உளவியலும் புள்ளியியலும் இருக்கின்றனவா, சோதனைக்கூடம் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வேறு கல்லூரி பார்க்கலாம்.