ஃப்ளூ மருந்து நம் செல்களைத் தொடுமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 8, எடை 25 கிலோ. சென்ற மாதம் கடும் காய்ச்சலும் இருமலும் வந்தன. இன்ஃப்ளூயன்சா என்று பரிசோதனையில் உறுதியாகி, ஓசல்டமிவிர் சிரப் 5 நாள் கொடுக்கச் சொன்னார்கள். முதல் வேளையே வாந்தி எடுத்தாள். செல்களின் மேலிருக்கும் சியாலிக் அமிலத்தை நீக்கும் நொதியோடு தொடர்புடைய மருந்து இது என்றும், அதே நொதி மனித உடலிலும் உண்டு என்றும் படித்துப் பயந்துவிட்டேன். காய்ச்சலும் விட்டிருந்ததால் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டேன். தவறு செய்துவிட்டேனா? மீதி மருந்து ஃபிரிட்ஜில் இருக்கிறது. 64 வயதில் இருக்கும், சர்க்கரை நோயுள்ள என் மாமனாருக்குக் காய்ச்சல் வந்தால் அதைக் கொடுக்கலாமா? அன்னாசிப்பூவிலிருந்துதான் இந்த மருந்தே வருகிறது, கஷாயம் போதும் என்கிறார் மாமியார்.

பதில்: முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். இந்த மருந்து சியாலிக் அமிலத்தை நீக்குவதில்லை. நீக்கும் நொதியைத்தான் தடுக்கிறது. அதுவும் வைரஸின் நொதியை.

நம் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நுனியில் இருப்பது சியாலிக் அமிலம். இன்ஃப்ளூயன்சா வைரஸ் அதைப் பற்றிக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே பெருகி வெளியே வரும் புது வைரஸ்களுக்கோ அதுவே இடைஞ்சல். பலாப்பழம் அரிந்த கை போல, தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பலாப்பாலைக் கையிலிருந்து விடுவிக்க நாம் எண்ணெய் தடவுகிறோம். வைரஸ் அதற்கென ஒரு நொதியைத் தன் மேலேயே சுமந்து வருகிறது. நியூராமினிடேஸ் என்பது அதன் பெயர். எச்1என்1 என்கிறோமே, அதில் வரும் ‘என்’ இதுதான். சியாலிக் அமிலத்தை அது வெட்டிவிட, வைரஸ் கழன்று அடுத்த செல்லுக்குப் போகிறது. நம் சளியிலும் சியாலிக் அமிலம் நிறைந்திருக்கிறது. அந்தப் பசையில் சிக்காமல் முன்னேறவும் வைரஸுக்கு இந்த நொதி வேண்டும்.

இது மெதுவாகப் புரிந்துகொள்ளப்பட்ட விஷயம். 1941-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் ஹர்ஸ்ட், இன்ஃப்ளூயன்சா வைரஸ் கோழியின் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதைக் கண்டார். சில மணி நேரம் கழிந்தால் வைரஸ் தானே கழன்றது. அந்த அணுக்களில் அதே வைரஸை மறுபடி சேர்த்தாலும் ஒட்டவில்லை. வைரஸ் எதையோ வெட்டிவிட்டுப் போயிருந்தது. நொதியின் முப்பரிமாண வடிவம் 1983-இல் தெரிந்தது. வெட்டும் பள்ளத்தில் சியாலிக் அமிலத்தைப் போலவே போய் உட்காரும்படி ஆஸ்திரேலியாவில் ஜனாமிவிர் வடிவமைக்கப்பட்டது. அதுவும் ஓசல்டமிவிரும் 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஜனாமிவிர் உறிஞ்சும் பொடி. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம் என்பதால் நாங்கள் தவிர்க்கிறோம்.

நம் உடலில் இதே வேலையைச் செய்யும் நொதிகள் நான்கு வகை இருப்பது உண்மை. நீங்கள் படித்ததில் பிழையில்லை. பிறவியிலேயே அவற்றுள் ஒன்று குறைந்தால் சியாலிடோசிஸ் என்ற அரிய நோய் வரும். ஆனால் வைரஸ் நொதியின் பள்ளத்துக்கு அளவெடுத்துச் செய்த ஓசல்டமிவிர், மனித நொதிகளில் சரியாகப் பொருந்துவதில்லை. வழக்கமான அளவில் அவற்றின் வேலை கெடுவதில்லை.

உங்கள் மகள் வாந்தி எடுத்தது இந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. இரண்டு வாய் இட்லியோ கஞ்சியோ கொடுத்தபின் மருந்தைத் தந்தால் பெரும்பாலும் குறையும். இதை மருந்து கொடுக்கும்போதே தாயிடம் சொல்லியிருக்க வேண்டும்; ஒரு நிமிடம்கூட ஆகாது. நிறுத்தியதால் அவளுக்குக் கேடு நேரவில்லை, நலமாக இருக்கிறாள் என்றால் வருந்த வேண்டாம். இனி எப்போதாவது இந்த மருந்தைக் கொடுக்க நேர்ந்தால் 5 நாளையும் முடியுங்கள். காய்ச்சல் விட்டபிறகும் குழந்தைகளிடம் வைரஸ் பல நாள் இருக்கும். அரைகுறையாக மருந்தைச் சந்திக்கும் வைரஸ் அதற்குப் பணியாத வடிவமாக மாறவும் வாய்ப்புண்டு.

இந்த மருந்தின் பலன் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஃப்ளூ தொல்லையை ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவாகக் குறைக்கிறது, அவ்வளவுதான். அதனால் எல்லோருக்கும் இதை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், சர்க்கரை, இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும் தயங்கவே மாட்டேன். வைரஸ் பரவி முடிந்தபின் வெளிவாசலைப் பூட்டிப் பயனில்லை என்பதால், அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதே நல்லது. நிலைமை மோசமாகி மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அதன் பிறகும் தருகிறோம்.

உங்கள் மாமனார் இந்தப் பட்டியலில் இருக்கிறார். ஆனால் அந்தப் பாட்டிலைத் தொட வேண்டாம். கலந்த சிரப்பின் ஆயுள் சில நாட்களே. ஒரு மாதம் ஆனதைக் கொட்டிவிடுங்கள். மகளுக்கு ஒரு வேளைக்கு 60 மில்லிகிராம் என்றால் பெரியவருக்கு 75, நாளைக்கு இரு வேளை. சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அதையும் குறைக்க வேண்டும். வந்திருப்பது டெங்குவாகவும் இருக்கலாம். அதற்கு இது மருந்தல்ல. காய்ச்சலும் இருமலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

மாமியார் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவில் ஷிகிமிக் அமிலம் உண்டு; அதை மூலப்பொருளாகக் கொண்டு, ஆலையில் பல படிகளில் மாற்றித்தான் ஓசல்டமிவிர் தயாரிக்கத் தொடங்கினார்கள். ஷிகிமிக் அமிலம் மட்டும் அந்த நொதியைத் தடுக்காது. பெரியவர்கள் கஷாயம் குடித்துத் தொண்டைக்கு இதம் தேடுவதில் தவறில்லை. குழந்தைக்கு மட்டும் வேண்டாம். அன்னாசிப்பூவைப் போலவே தோன்றும் ஜப்பானிய வகை நஞ்சுள்ளது, வலிப்பை உண்டாக்கும். உலர்ந்தபின் இரண்டையும் கண்ணால் பிரிப்பது கடினம். அன்னாசிப்பூத் தேநீர் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததால் 2003-இலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்திருக்கிறது.