ரீலை நம்பி வாங்கிய சீரம்: பணத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி: ஆறு மாதமாகத் தானே பூசிவருவதாக ஓர் இன்ஃப்ளூயன்சர் சொன்ன முகச் சீரத்தை, அவர் தந்த கூப்பன் குறியீட்டைப் போட்டு 1,499 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டே நாளில் கன்னம் சிவந்து தடித்துவிட்டது. விற்ற தளமோ, திறந்த பாட்டிலைத் திரும்பப் பெற முடியாது என்கிறது. அண்மையில் ‘இங்க்ரிட் கோஸ் வெஸ்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தைப் பார்த்ததிலிருந்து, அவர் அதைப் பூசியே இருக்கமாட்டார் என்று தோன்றுகிறது. அவர்மீது நடவடிக்கை எடுக்க முடியுமா?

பதில்: பூசுவதை நிறுத்துங்கள், ஆனால் பாட்டிலை எறிந்துவிடாதீர்கள்.

2017இல் வந்த அந்தப் படத்தில், தாயார் இறந்தபின் கிடைத்த சுமார் 60,000 டாலருடன் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போகும் இங்க்ரிட், இன்ஸ்டாகிராம் பிரபலமான டெய்லரை அப்படியே நகலெடுக்கிறாள். டெய்லர் தன் உயிரான நாவலென்று காட்டிக்கொள்வதை அவள் படித்ததே இல்லை என்று அவள் கணவனே போட்டு உடைக்கும் காட்சியில்தான் உங்களுக்குச் சந்தேகம் எழுந்திருக்கும். அது நியாயமான சந்தேகம். ஒரு பொருளைப் பரிந்துரைப்பவரின் கருத்து உண்மையானதாகவும், போதிய தகவலையோ அனுபவத்தையோ கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன இந்தியாவின் 2022ஆம் ஆண்டு விளம்பர நெறிமுறைகள். பணமோ இலவசப் பொருளோ பெற்றிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் அதை ஒளிக்கக் கூடாது என்றும், வீடியோவானால் எழுத்திலும் குரலிலும் இருக்க வேண்டும் என்றும் 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை விளக்கியது. ஆகவே அந்த ரீலை ஒலியுடன் இன்றே பதிவுசெய்து, கீழே ‘மேலும்’ என்பதைத் தொட்டால் விரியும் வரிகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் கிளம்பியதும் முதலில் மறைவது அதுதான்.

அவர்மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் செய்யலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. சொன்னதை முறையாகச் சரிபார்த்த பிறகே பேசினேன் என்று அவர் நிரூபித்தால் தப்பிக்கலாம். ஆனால் அந்தத் தண்டத்தொகை உங்கள் கைக்கு வராது.

உங்கள் 1,499 ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர் விற்பனையாளர். குறைபாடுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. ‘திறந்த பாட்டில்’ என்ற நிபந்தனை அதை மீற முடியாது. தோல் மருத்துவரின் சீட்டையும் ரசீதையும் இணைத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டியது அவர் கடமை. தராவிட்டால் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். அதன்பிறகும் அசையாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள், கட்டணமின்றி மனு கொடுத்து, மருத்துவச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம்.