ஆப்பிரிக்காவில் பெரிய விலங்கு வேட்டை: பணம் யாருக்கு, அனுமதி யாரிடம்?

வேட்டை ஏற்பாட்டாளருக்குப் பணம் கட்டிவிட்டால் அனுமதிகளும் அதிலேயே அடங்கிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் அடங்காது. ஜோகன்னஸ்பர்க்கில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் இந்த ஆவணங்களோடுதான் வேலை செய்தேன். அதனால் தென்னாப்பிரிக்காவை வைத்தே சொல்கிறேன்.

பணம் இரண்டு கணக்காக வரும். தங்குமிடம், சாப்பாடு, வண்டி, வழிகாட்டி, தடம் பார்ப்பவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாள் கட்டணம். ஒரு குண்டுகூடச் சுடாமல் திரும்பினாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். அதற்கு மேல் விலங்குக்கு விலங்கு தனிக் கட்டணம். ஒப்பந்தத்தில் பலர் படிக்காமல் தாண்டிவிடும் வரி ஒன்று உண்டு: காயம்பட்டுத் தப்பிய விலங்குக்கும் முழுத் தொகை. புல்லில் ரத்தம் தெரிந்தாலே கணக்கில் ஏறிவிடும். எனக்கு இது முழு நியாயமாகப் படுகிறது. காயம்பட்ட எருமையைத் தேடிப் புதருக்குள் முதலில் நுழைபவர் தடம் பார்ப்பவர். அவசரப்பட்டுச் சுடுபவருக்கு அது செலவாகத்தான் வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் முறையாக வேலியிட்ட பண்ணையின் விலங்குகள் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி நில உரிமையாளரின் சொத்து. விலங்குக் கட்டணத்தில் பெரும்பகுதி அவருக்குப் போகும். நமீபியாவில் கதை வேறு. 1996இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பொது நிலங்களில் வாழும் மக்களே வனவிலங்குக் காப்பு அமைப்புகளைப் பதிவு செய்து, அரசு ஒதுக்கும் வேட்டை உரிமையை நிறுவனங்களுக்குக் கொடுத்து வருமானமும் இறைச்சியும் பெறுகிறார்கள். எங்கே செலவழிப்பது என்று என்னைக் கேட்டால் அந்தப் பக்கம்தான் கைகாட்டுவேன்.

இனி அனுமதி. வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் வேட்டையாட முடியாது. வேட்டைக்கான அனுமதிச் சீட்டை மாகாண அரசு தரும். அதை ஏற்பாட்டாளரே வாங்கிவிடுவார். துப்பாக்கிக்கு நீங்களே காவல்துறைப் படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்பி, கையெழுத்திடாமல் எடுத்துப்போய், விமான நிலையத்தில் அதிகாரியின் முன்னால் கையெழுத்திட வேண்டும்.

ஆட்கள் சிக்கிக்கொள்வது இதற்குப் பிறகு, சுட்ட விலங்கின் தோலையும் தலையையும் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோகும்போதுதான். சிறுத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால் ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதியோடு, இறக்குமதி செய்யும் நாட்டின் அனுமதியும் வேண்டும். உப்பிட்டு உலர்த்திய தோலில், ஒருமுறை பூட்டினால் கழற்ற முடியாத பட்டை ஒன்று இருக்கும். நாடு, ஆண்டு, அந்த ஆண்டு அனுமதித்த எண்ணிக்கையில் (ஒதுக்கீட்டில்) இது எத்தனையாவது என்ற எண் அதில் பதிந்திருக்கும். அது தாளோடு ஒத்துப்போகாவிட்டால் பெட்டி நகராது. ஒதுக்கீடே இல்லாமலும் போகலாம்: 2016, 2017 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கா சிறுத்தைக்குப் பூஜ்யம் என்று அறிவித்தது. சிங்கத்தின் தலையையும் தோலையும் ஆஸ்திரேலியாவும் பிரான்சும் 2015இல் தடுத்துவிட்டன. சுட்டவரிடம் எல்லாத் தாளும் சரியாக இருந்தும், அந்த நாடுகளுக்குள் அவற்றைக் கொண்டுபோக வழியில்லை.

பதப்படுத்துதல், கால்நடைச் சான்றிதழ், சரக்குக் கூலி எல்லாம் இன்னொரு பில். வீடு வந்து சேரப் பல மாதங்கள் ஆகும்.

எனவே முன்பணம் அனுப்பும் முன் உங்கள் நாட்டு வனவிலங்குத் துறையிடம் அந்த விலங்கின் பெயரைச் சொல்லி, கொண்டுவர அனுமதி உண்டா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒதுக்கீடு கிடைக்காமல் போனால் முன்பணம் திரும்ப வருமா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கேளுங்கள். எழுத மறுக்கும் ஏற்பாட்டாளரை விட்டுவிடுங்கள்.