‘கைண்ட்’, ‘ஹெல்ப்ஃபுல்’ தாண்டி ஒருவரின் குணத்தை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

கேள்வி: ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். பேச்சுத் தேர்வில் ஒரு மனிதரைப் பற்றிப் பேசச் சொன்னால் கைண்ட், ஹெல்ப்ஃபுல், நைஸ் என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. அதனால் குணங்களைச் சொல்லும் பெரிய சொற்களையும் மரபுத்தொடர்களையும் நீளமான பட்டியலாக மனப்பாடம் செய்தேன். இப்போது பேசினால், ‘ஒப்பிப்பது போல இருக்கிறது, சில இடங்களில் பொருளும் இடிக்கிறது’ என்கிறார் பயிற்சியாளர். எங்கே தவறு?

பதில்: பட்டியலில் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு பொருள்தான் இருக்கும். அந்தச் சொல் பாராட்டா, குறையா, அதன் பக்கத்தில் வேறு எந்தச் சொல் வந்து நிற்கும் என்பதெல்லாம் இருக்காது. உங்கள் பயிற்சியாளருக்கு இடித்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

குணத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களில் பல, ஜோடியாகவே பிறந்தவை. நடத்தை ஒன்றுதான், பார்க்கிறவர் மனம்தான் வேறு. பார்த்துப் பார்த்துச் செலவு செய்பவரை மெச்சிச் சொன்னால் ஃப்ரூகல் அல்லது த்ரிஃப்டி. முகம் சுளித்துச் சொன்னால் ஸ்டிஞ்ஜி. வேலையில் நுணுக்கம் பார்ப்பவர் மெட்டிகுலஸ். அதுவே நமக்கு எரிச்சலூட்டினால் ஃபஸ்ஸி. அதிகம் பேசாதவர் ரிசர்வ்ட். நம்மைப் பொருட்படுத்தாமல் ஒதுங்கி நிற்கிறார் என்று தோன்றினால் அவரே அலூஃப். குழந்தையைப் போன்ற களங்கமின்மை சைல்ட்லைக், வயதுக்கேற்ற பக்குவமில்லாமை சைல்டிஷ். விவரம் அறியும் ஆர்வம் இன்குவிசிட்டிவ், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது நோஸி.

தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸல் 1948-ல் பி.பி.சி. வானொலியில் இதை ஒரே வாக்கியத்தில் காட்டிவிட்டார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது மனிதன் ஃபர்ம் என்கிறான், எதிரே இருப்பவரை ஆப்ஸ்டினேட் என்கிறான், அங்கே இல்லாதவனைப் பிக்-ஹெடட் (pig-headed) முட்டாள் என்கிறான். மூன்றும் ஒரே பிடிவாதம்தான். ஆகவே ஒரு சொல்லைக் கற்கும்போது அதன் ஜோடியையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியரைப் புகழ நினைத்து ஆப்ஸ்டினேட் என்றால், கேட்பவர் உங்களுக்கு அவர்மேல் ஏதோ வருத்தம் என்று நினைப்பார். உறுதியோடு விடாமல் முயல்பவர் என்ற பொருளில் டிடெர்மின்ட், டெனேஷியஸ் என்றால் புகழ்ச்சி.

இந்த வரிசையில் அசெர்ட்டிவ் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் கொடுங்கள். மற்றவரை மிதிக்காமல், அதே சமயம் தயங்காமல் தன் கருத்தைச் சொல்பவர் அசெர்ட்டிவ். அலுவலக மதிப்பீடுகளிலும் பரிந்துரைக் கடிதங்களிலும் நல்ல மதிப்புள்ள சொல். எல்லை தாண்டினால் அக்ரசிவ். எல்லோரையும் அதிகாரம் செய்பவர் பாஸி. இந்தக் கடைசிச் சொல் பெண்கள் மீதுதான் அதிகம் வீசப்படுகிறது. ஆண் செய்தால் தலைமைப்பண்பு என்று பாராட்டப்படும் அதே காரியம் பெண் செய்தால் பாஸி ஆகிவிடுகிறது. ஒரு பெண்ணைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் வாயில் வந்தால் ஒருமுறை நிதானித்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்தது, தமிழில் நாம் அன்றாடம் புழங்கும் ஆங்கிலம். தேர்வில் காலை வாருவது பெரும்பாலும் கடினமான சொல் அல்ல, நமக்குத் தெரியும் என்று நாம் நம்பும் சொல்தான். ‘அவருக்கு ஹெட்வெயிட்’ என்பது தலைக்கனத்தின் நேரடி மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் அப்படி ஒரு வழக்கு இல்லை, பிக்-ஹெடட் (big-headed) அல்லது அரகன்ட் என்பார்கள். ‘ஷார்ட் டெம்பர் பெர்சன்’ அல்ல, ஷார்ட்-டெம்பர்ட். விட்டுக்கொடுத்துப் போகிறவரை அட்ஜஸ்டபிள் என்கிறோம். அது நாற்காலிக்கும் பெல்ட்டுக்கும் சொல்வது, மனிதருக்கு அக்காமடேட்டிங் அல்லது ஈஸிகோயிங். ‘சிம்பிள் பெர்சன்’ என்றால் எளிமையானவர் என்று நாம் நினைக்கிறோம். கேட்பவருக்கு அறிவு மந்தமானவர் என்றும் படலாம். பந்தா இல்லாதவர் என்பதற்கு டவுன்-டு-எர்த் அல்லது அன்அஸ்யூமிங் பொருத்தம். எல்லாவற்றிலும் ஆபத்தானது ஹோம்லி. குடும்பப்பாங்கான பெண் என்று நாம் பாராட்டாகச் சொல்வது, அமெரிக்க ஆங்கிலத்தில் பார்க்க அழகில்லாதவர் என்று ஆகிவிடும். சென்சிபிள் என்றால் விவேகமுள்ளவர், சென்சிட்டிவ் என்றால் எளிதில் மனம் புண்படுபவர் அல்லது பிறர் மனம் அறிந்து நடப்பவர். இந்த இரண்டும் மாறிப்போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பெரிய சொல் வேண்டும் என்ற ஆசையை விட, தெரிந்த சொல்லுக்குச் சரியான துணையைத் தேடுங்கள் என்பேன். வெரி ஷை என்பதை விடப் பெயின்ஃபுலி ஷை, வெரி இன்டிபென்டென்ட் என்பதை விட ஃபியர்ஸ்லி இன்டிபென்டென்ட், வெரி ஹானஸ்ட் என்பதை விட ப்ரூட்டலி ஹானஸ்ட் எவ்வளவு உயிரோடு இருக்கிறது பாருங்கள்! இதில் ஒரு சொல்லும் புதிது இல்லை. சேர்க்கைதான் புதிது. ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வின் மதிப்பீட்டில் சொல்வளம் என்ற தலைப்பின் கீழ், அரிய சொற்களோடு இந்தச் சேர்க்கைகளையும் கவனிக்கிறார்கள். அந்தச் சொல்வளமும் 4 அளவுகோல்களில் ஒன்றுதான். சரளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய மற்ற மூன்றுக்கும் அதே எடை. ஒரு அரிய சொல்லை நினைவுபடுத்த நீங்கள் திணறி நின்றால், சொல்வளத்தில் பெறுவதைச் சரளத்தில் இழப்பீர்கள்.

குறையைச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஒரு நாகரிகம் உண்டு. ‘ஹீ இஸ் ஸ்டப்பர்ன்’ என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லாமல், ‘ஹீ கேன் பி எ பிட் ஸ்டப்பர்ன் அட் டைம்ஸ்’ என்பார்கள். சோம்பேறியை, ‘நாட் தி மோஸ்ட் ஹார்ட்வொர்க்கிங் பெர்சன்’ என்பார்கள். இன்னொன்று, ‘ஹீ இஸ் ரூட்’ என்றால் அவர் குணமே அது. ‘ஹீ இஸ் பீயிங் ரூட்’ என்றால் இப்போது, இந்த நேரத்தில் மட்டும் அப்படி நடந்துகொள்கிறார். ஒரே ஒரு ‘பீயிங்’, ஒரு மனிதரின் மேல் விழும் தீர்ப்பையே மாற்றிவிடுகிறது.

மரபுத்தொடர்களில் அளவு முக்கியம். பேச்சுக்கு ஒன்று அல்லது இரண்டு போதும், அதற்கு மேல் போனால்தான் ஒப்பிக்கும் வாடை வரும். தங்கமான மனசு என்பதற்கான ஹார்ட் ஆஃப் கோல்ட் தேய்ந்த தொடர், ஆனாலும் தவறில்லை. திறமையை வெளியே காட்டாமல் வைத்திருந்து திடீரென்று ஆச்சரியப்படுத்துபவர் டார்க் ஹார்ஸ். உள்ளுக்குள் நல்லவர், பழக்கவழக்கம் கொஞ்சம் கரடுமுரடு என்றால் ரஃப் டைமண்ட், அமெரிக்கர்கள் டைமண்ட் இன் தி ரஃப் என்பார்கள். மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவரை ‘வேர்ஸ் ஹிஸ் ஹார்ட் ஆன் ஹிஸ் ஸ்லீவ்’ என்பார்கள். இது உணர்ச்சி வெளிப்படையாகத் தெரிவதைப் பற்றியது, வாய்மையைப் பற்றியது அல்ல. பட்டியல்களில் இதற்கு எதிரே நேர்மையானவர் என்று போட்டிருந்தால் அடித்துவிடுங்கள். பரிந்துரைக் கடிதத்தில் இவை எதுவும் வேண்டாம். அங்கே கான்ஷியென்ஷஸ் (கடமையுணர்வுள்ளவர்), டிலிஜென்ட் (ஊக்கத்தோடு உழைப்பவர்), ரிலையபிள் (நம்பத்தக்கவர்) போன்றவைதான் பொருந்தும்.

இனி உங்கள் தேர்வு. பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் யோசிக்க 1 நிமிடமும், பேச 1 முதல் 2 நிமிடமும் கிடைக்கும். அந்த ஒரு நிமிடத்தில் பத்துப் பெயரடைகளைக் குறித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு குணம், ஒவ்வொன்றுக்கும் அவர் செய்த ஒரு காரியம், அவ்வளவு போதும். ‘மை அங்கிள் இஸ் வெரி கைண்ட், ஹார்ட்வொர்க்கிங், பங்க்சுவல் அண்ட் மெட்டிகுலஸ்’ என்றால் நான்கு சொற்கள் வந்தன, மனிதர் வரவில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘மை அங்கிள் இஸ் எ மெட்டிகுலஸ் மேன். ஹீ வில் ரீட் எ லெட்டர் த்ரீ டைம்ஸ் பிஃபோர் ஹீ சைன்ஸ் இட். இட் கேன் பி எ பிட் மேடனிங், பட் எவ்ரிபடி ட்ரஸ்ட்ஸ் ஹிம் வித் தேர் பேப்பர்ஸ்.’ கையெழுத்துப் போடும் முன் கடிதத்தை மூன்று முறை படிக்கிற மனிதர் கண்முன் நிற்கிறார். ஒரே ஒரு கடினமான சொல்தான், அதற்கும் பின்வரும் வாக்கியமே சாட்சி. ‘ஹீ வில் ரீட்’ என்பதில் உள்ள ‘வில்’ எதிர்காலம் அல்ல, அவர் வழக்கமாக அப்படிச் செய்பவர் என்பதைச் சொல்கிறது. குணம் பேசுவதற்கென்றே வாய்த்த இலக்கணம் இது, தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம், சல்லடை போடுங்கள். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டுமே மொழி கற்போருக்கான அகராதிகளை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. ஒவ்வொரு சொல்லையும் அதில் தேடுங்கள். சில சொற்களுக்குப் பக்கத்தில் அப்ரூவிங் அல்லது டிஸ்அப்ரூவிங் என்று சின்னதாகக் குறித்திருப்பார்கள். அது பாராட்டா, குறையா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை நினைத்துக்கொண்டு, அவர் உண்மையிலேயே செய்த ஒரு காரியத்தோடு அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். யாருமே நினைவுக்கு வரவில்லையென்றால் அந்தச் சொல்லை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.