நஷ்டஈட்டை இழுத்தடிக்கும் முதலாளிக்கு என்ன தண்டம்? கேள்வி பதில்

2025 நவம்பர் 21-க்கு முன் நடந்த விபத்துகளுக்கு, 1923-ம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி மட்டுமே பதில் சொல்கிறேன்.

கே: பிரஸ் மெஷினில் தம்பியின் விரல்கள் போய் மூன்று வருடமாகிறது. ஓனர் "தீர்ப்பு வரட்டும்" என்கிறார். வட்டி கிடைக்குமா?

ப: கிடைக்கும். விபத்து நடந்த அன்றே பணம் பாக்கியாகிவிடுகிறது. தீர்ப்பு நாளிலிருந்துதான் கணக்கு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1975-லேயே, பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் தள்ளிவிட்டது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12% தனிவட்டி. 8 லட்சம் நஷ்டஈடு என்றால் மூன்று வருட வட்டி 2,88,000. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் அதற்கு மேல் 50% வரை தண்டம், அதாவது 4 லட்சம் வரை. இரண்டும் தம்பி கைக்கே வரும். தொகையில் தகராறு என்றாலும், ஓனர் தானே ஒப்புக்கொள்ளும் பங்கை உடனே கொடுத்தாக வேண்டும்.

ஆனால் தண்டம் தானாக வந்து விழாது. ஓனரிடம் விளக்கம் கேட்ட பிறகே ஆணையர் (இந்தச் சட்டப்படி மனுவை விசாரிக்கும் அதிகாரி) அதைப் போட முடியும். மனுவில் 4-ஏ(3) என்று பிரிவைச் சொல்லியே கேளுங்கள். பலர் வட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது.

கே: இறந்த மச்சானுக்காக அக்கா கையில் 2 லட்சம் கொடுத்து, பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அவ்வளவுதானா?

ப: இல்லை. மரணத்துக்கான நஷ்டஈட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். கையில் கொடுத்ததில் மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கழிக்கலாம். உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் செல்லாது. இனியாவது எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கே: ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கார்டு இருக்கிறது.

ப: அப்படியானால் ஈஎஸ்ஐ கிளை அலுவலகம் போங்கள்.

கே: வட்டி எந்தத் தேதியிலிருந்து?

ப: முதல் பதில்.

கே: லாரி ஓனர் நான். பிரீமியம் கட்டியிருக்கிறேன், தண்டத்தை இன்சூரன்ஸ் கட்டட்டுமே?

ப: கட்டாது. நஷ்டஈடும் வட்டியும் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு, தண்டம் உங்கள் பொறுப்பு. 1997 வேத் பிரகாஷ் கார்க் வழக்கு.

கே: வட்டியும் கம்பெனி தராது என்று 2006-ல் தீர்ப்பு இருக்கிறதே!

ப: ஹர்ஷத்பாய் வழக்கைச் சொல்கிறீர்கள். அது மோட்டார் பாலிசி இல்லை, வட்டி கிடையாது என்று எழுதியே கொடுத்த தொழிலாளர் பாலிசி. உங்கள் பாலிசியின் விலக்குப் பக்கத்தைப் படியுங்கள்.

கே: கம்பெனி தாமதித்தாலும் தண்டம் எனக்கா?

ப: நீங்கள் அவர்களுக்கு எந்தத் தேதியில் தகவல் கொடுத்தீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.

கே: வட்டி எந்தத் தேதி...

ப: விபத்துத் தேதி, ஐயா. விபத்துத் தேதி.